ஒரு துப்பாக்கி செய்ய இத்தனை வருஷமா?

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி பையன் கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அவனுக்கு அக்னிவீர் ஆள்சேர்ப்பில் இடம் கிடைத்துவிட்டது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டி, டிரெயினிங்குக்குப் போகத் தேதியும் வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வடையைப் பிய்த்துக்கொண்டே, "அண்ணே, நீதான் துப்பாக்கியைப் பத்தியெல்லாம் படிப்பியே... எனக்கு அங்க எதைக் குடுப்பாங்க? குடுக்கறது ஒழுங்கா சுடுமா?" என்றான்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வதே கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் இன்று நம் காலாட்படையில் இன்சாஸ் இருக்கிறது, ரஷ்ய வடிவமைப்பான ஏ.கே.-203 வந்துகொண்டிருக்கிறது, அமெரிக்க சிக் 716 இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று விதமான தோட்டா. ஒன்றின் தோட்டாவை இன்னொன்றில் போட முடியாது. இரண்டாவது கேள்விக்கு நான் டீயைக் குடித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அது மனசில் உட்கார்ந்துகொண்டது. ராக்கெட் விடுகிறோம், நிலவில் இறங்குகிறோம், ஒரு துப்பாக்கி செய்யத் தெரியாதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானே கேட்டிருக்கிறேன்.

நாங்கள் திருச்சிக்காரர்கள் வேறு. நவல்பட்டுப் பக்கம் இருக்கும் துப்பாக்கி பேக்டரி 1966-ல் தொடங்கியது. இன்சாஸ் தயாரான இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி.

சரி, முதலிலிருந்து வருவோம்.

பள்ளியில் என்.சி.சி.-யில் இருந்தவர்களுக்குத் தெரியும், பரேடுக்கு .303 துப்பாக்கி கொடுப்பார்கள். சுட முடியாதபடி செய்துவைத்த பழைய மரக்கட்டைத் துப்பாக்கி. தோள் கழன்றுவிடும். 1962-ல் சீனாவோடு சண்டை வந்தபோது நம் ஜவான்கள் மலை மேல் வைத்திருந்தது அந்த .303 வகைதான். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். எதிரில் இருந்தவர்களிடம் அதைவிட வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. அந்தத் தோல்விக்குப் பிறகு வந்ததுதான் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியைப் பார்த்து மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்தது. கனம் அதிகம், ஆனால் பலமான அடி.

எண்பதுகளில் உலகம் சின்னத் தோட்டாவுக்கு மாறியது. 5.56 மி.மீ. தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம். எஸ்.எல்.ஆர். தோட்டா சுமார் 24 கிராம். அதாவது அதே கனத்துக்கு இரண்டு மடங்கு தோட்டா தூக்கலாம். நாமும் சொந்தமாக ஒன்று செய்வோம் என்று புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் ஆரம்பித்ததுதான் இன்சாஸ். ரைஃபிள், லைட் மெஷின் கன், கார்பைன் என்று ஒரே குடும்பமாக மூன்றும் வரும் என்று திட்டம். கார்பைன் கடைசிவரை உருப்படியாக வரவில்லை. ரைஃபிளும் தாமதமானது. காஷ்மீரில் நிலைமை மோசமானதால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவசரமாக ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை வெளிநாட்டில் வாங்க வேண்டியிருந்தது. 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸைக் காட்டினார்கள். அடுத்த வருஷமே கார்கில்.

அங்கேதான் புகார்கள் வெளியே வந்தன. குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, இடையில் சிக்கிக்கொண்டது, மூன்று குண்டு போக வேண்டிய இடத்தில் தொடர்ந்து சுட்டது, எண்ணெய் தெறித்துக் கண்ணில் பட்டது என்று பல. 2005-ல் நேபாளத்தில் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகள் ஒரு ராணுவ முகாமைத் தாக்கி 40 பேருக்கு மேல் கொன்றார்கள். நாங்கள் வாங்கிய இந்தியத் துப்பாக்கி நீண்ட நேரச் சண்டையில் வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் சொன்னது. சரியாகப் பராமரிக்கவில்லை என்று நம் தரப்பு சொன்னது. யார் சொன்னது சரியோ, செத்தவர்கள் செத்தவர்கள்தான்.

இங்கே ஒரு நிமிஷம் மெக்கானிக்கல் மாணவனாக யோசித்துப் பார்த்தேன். தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் அழுத்தம் காற்று அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கு மேல் போகும். அந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி ஒரு பிஸ்டனைத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே வீசி, அடுத்ததை உள்ளே இழுத்துப் பூட்ட வேண்டும். நிமிஷத்துக்கு 600 குண்டு என்றால் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு நொடி. பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம் வைத்தால் மண் புகுந்தாலும் ஓடும், ஆனால் குறி கொஞ்சம் தளரும். இடைவெளியைக் குறைத்தால் குறி துல்லியம், ஆனால் மண்ணில் மாட்டும். இதையே ராஜஸ்தான் வெயிலிலும், சியாச்சின் பனியிலும், வடகிழக்கு மழையிலும் செய்ய வேண்டும். லட்சக்கணக்கில் செய்ய வேண்டும். அதில் ஒன்றுகூடச் சொதப்பக் கூடாது. அந்த மேகசினையே பாருங்கள். எத்தனை குண்டு மிச்சம் என்று ஜவானுக்கு வெளியிலிருந்தே தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். குளிர் வந்து அதைப் பதம் பார்த்துவிட்டது.

சரி, குறை தெரிந்தது. அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று.

எங்கள் செட் புராஜெக்ட் நிலக்கடலை உடைக்கும் மெஷின். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம், ஆமணக்கும் உடைக்கட்டுமே என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். அப்புறம் சல்லடையை மாற்றி மாற்றிப் போடும்படி வேண்டும் என்று நாங்களே ஆசைப்பட்டோம். அப்புறம் சோலார். ரிவ்யூ அன்று அது கடலையைத் தூளாக்கியது, ஆமணக்கை முழுசாகத் துப்பியது. எல்லாவற்றையும் செய்யும் மெஷின் எதையும் செய்யவில்லை :-)

2011-ல் நம் ராணுவம் கேட்டது எனக்கு அந்த மெஷினைத்தான் ஞாபகப்படுத்தியது. ஒரே துப்பாக்கி, இரண்டு குழல். ஒரு குழலைப் போட்டால் 5.56 மி.மீ. சுட வேண்டும். கழற்றி வேறு குழலைப் போட்டால் ஏ.கே.-யின் 7.62 மி.மீ. தோட்டாவைச் சுட வேண்டும். முதலில் 66,000 துப்பாக்கிகள். இத்தாலி, அமெரிக்கா, இஸ்ரேல், செக், சுவிஸ் என்று பெரிய பெரிய கம்பெனிகளின் துப்பாக்கிகள் போட்டியில் இருந்தன. 2015-ல் டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள். நாலு வருஷம் போனது.

அதற்கப்புறம் எண்ணமே மாறியது. 5.56 எதிரியைக் காயப்படுத்தும், காயம்பட்டவனைத் தூக்க இரண்டு பேர் தேவைப்படும், அது நமக்கு லாபம் என்பது பழைய கணக்கு. தீவிரவாதியோடு நேருக்கு நேர் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. காயம்பட்டாலும் அவன் திருப்பிச் சுடுவான். அதனால் மறுபடி எஸ்.எல்.ஆர். காலத்துப் பெரிய 7.62 தோட்டா வேண்டும் என்றார்கள். 2017-ல் இஷாப்பூர் செய்துகொடுத்த துப்பாக்கி சோதனையில் தேறவில்லை. 2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு, சுமார் 700 கோடி ரூபாய்க்கு அமெரிக்கக் கம்பெனியோடு அவசர ஒப்பந்தம். 2024-ல் இன்னும் 73,000.

மீதிப் பேருக்கு? 2019 மார்ச்சில் உத்தரப் பிரதேசம் அமேதி பக்கத்தில் கோர்வாவில் ஏ.கே.-203 தயாரிக்க இந்திய-ரஷ்யக் கூட்டுத் தொழிற்சாலையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஆனால் 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பரில்தான். விலை, தொழில்நுட்பம், எவ்வளவு பாகம் இங்கேயே செய்வது என்று பேசிப் பேசியே இரண்டே முக்கால் வருஷம். அதற்குள் உக்ரைன் போரும் வந்துவிட்டது. 2024 ஜூலை வாக்கில்தான் முதல் 35,000 ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கவனித்தீர்களா, இதன் தோட்டா 5.56-ம் இல்லை, சிக்கின் பெரிய தோட்டாவும் இல்லை. டீக்கடையில் நான் சொன்ன மூன்று தோட்டாக் கதை இப்படித்தான் வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஆட்களைத் திட்டி முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மற்றவர்கள் கதையைப் பார்த்தபோது வேறு ஒன்று தோன்றியது.

அமெரிக்காவின் எம்-16 இன்று எல்லா சினிமாவிலும் ஹீரோ. வியட்நாமில் அது சுடும்போது சிக்கிக்கொண்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே சிப்பாய்கள் செத்தார்கள். தோட்டாவின் வெடிமருந்தை மாற்றிவிட்டார்கள், அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, இதற்குச் சுத்தமே செய்ய வேண்டாம் என்ற பேச்சில் துடைக்கும் சாமான்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. பிறகு குரோம் பூச்சு வந்தது, சுத்தம் செய்யும் பெட்டி வந்தது, சுத்தம் செய்யப் பாடம் வந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசான எம்-4 இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது. புதிய 6.8 மி.மீ. துப்பாக்கி ஒன்றை அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்தது 2022-ல்தான்.

பிரிட்டனின் எஸ்.ஏ.80 இன்னும் மோசம். 1985-ல் வந்தது, 1991 வளைகுடாப் போரின் மணலில் மானம் போனது. தூக்கிப் போடவில்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியிடம் கொடுத்து, சுமார் 2 லட்சம் துப்பாக்கிகளை 9 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்துப் பிரித்துச் சரிசெய்தார்கள். இன்றும் பிரிட்டிஷ் சிப்பாய் அதன் திருத்திய வடிவத்தைத்தான் சுமக்கிறான்.

எனக்குப் புரிந்தது இதுதான். நல்ல துப்பாக்கியை முதல் தடவையிலேயே செய்தவர்கள் குறைவு. கெட்டதைச் செய்துவிட்டு, கெட்டது என்று ஒப்புக்கொண்டு, விடாமல் அதையே திருத்தியவர்கள்தான் அதிகம். நம்மிடம் வடிவமைப்பது ஒரு அலுவலகம், தயாரிப்பது இன்னொரு அலுவலகம், சுடுவது ராணுவம். குறை வந்தால் டிசைன் தப்பு என்று ஒருவர், தயாரிப்பு தப்பு என்று ஒருவர், துடைக்கவில்லை என்று ஒருவர். இன்சாஸிலும் திருத்தங்கள் நடந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை முழுசாகப் பழுக்க வைப்பதற்குள் இரட்டைக்குழல் கனவு, அப்புறம் பெரிய தோட்டா, அப்புறம் இறக்குமதி. ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் சுழியிலிருந்து. 2021 அக்டோபரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள், திருச்சியும் அதில் ஒன்றின் கீழ் வந்தது. பெயர்ப் பலகை மாறினால் போதாது. பனியில் நிற்கிறவன் சொல்லும் குறை, லேத்தில் நிற்கிறவன் காதுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். அது நடந்தால் கோர்வாவில் வருவதும் சரியாகும், நாளை நாமே வரைவதும் சரியாகும்.

சித்தி பையனை ரயில் ஏற்றிவிடப் போனோம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவும் வந்திருந்தார். டீக்கடைக் கேள்வியை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மாப்ள, எதைக் குடுத்தாலும் அதுதான் பொண்டாட்டி. பனியில எண்ணெயை அள்ளி ஊத்தாதே, கெட்டியாயிடும். ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் புல்த்ரூ போட்டு இழுத்துட்டுத்தான் படுக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்வதுபோல் அவனுக்குச் சொன்னார். அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய வேட்டித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி மடித்த கட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். துப்பாக்கி துடைக்கிற துணி, சிந்தி என்பார்கள். "அங்கயே குடுப்பாங்க மாமா" என்றான். "குடுப்பாங்க. இதையும் வச்சுக்க" என்றார்.

வண்டி கிளம்பும்போது, "ஒழுங்கா சுடுமாடான்னு கேட்டியே, போய்ப் பாத்துட்டு நீயே சொல்லு" என்றேன். கையை ஆட்டினான்.

அவன் சொல்லப்போவதை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். நம் கிளாஸில் இருந்து யாராவது ஒருத்தர் அந்தப் பேக்டரியிலோ ஆய்வகத்திலோ வேலைக்குப் போனால், இந்தப் பதிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.