மிதிவண்டிக்கு ஒரு கோடு

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதில் முந்திக்கொண்டது சென்னைதான். போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்குவது என்றும், அவர்களில் ஒருவர்கூடச் சாலையில் இறக்காத நிலையை எட்டுவது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். நடப்போருக்குக் கொஞ்சம் பயன் கிட்டியது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை நான் தினமும் மிதிக்கும் வழியில் மிதிவண்டிக்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது.

என் மாணவர்களில் பலர் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றவர்கள். கல்லூரிக்கு அதில் வருவோர் அரிது. ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "பாலத்துல பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா கை நடுங்குதுங்க ஐயா. அம்மா எடுக்கவே கூடாதுன்னுட்டாங்க" என்றாள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது (ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம்). 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி நகரை வலம்வந்தார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியை எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியோரும் உண்டு. ஏழு வயதில் அந்தக் கம்பியில் அமர்ந்து போனவன் நான். பின்னால் தண்ணீர்க் குடம். அம்மாவுக்கு எதிராக இருந்தவை கேலியும் பழிச்சொல்லும். கூட்டமாய்ச் சேர்ந்து அவற்றை வென்றார்கள். இம்மாணவிக்கு எதிராக இருப்பது பேருந்து. அதனிடம் துணிச்சல் செல்லாது. சாலையில் இடம் வேண்டும்.

நாங்கள் சிலர் கேட்பது இதுதான்: லஸ் முனையிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு வரை, சாலையோரம் இரண்டு மீட்டர், இடையே சிறு தடுப்புக் கட்டைகள். வெறும் வெள்ளைக்கோடு வேண்டாம். மாலைக்குள் அதன்மேல் கார்கள் நின்றுவிடும். மனு கொடுத்த அலுவலகத்தில் ஒருவர் பரிவாகவே கேட்டார்: "ஓட்டறவங்க எங்க சார் இருக்காங்க?"

இருக்கிறார்கள். விடியற்காலையில் பாலும் செய்தித்தாளும் அவர்கள் வண்டியில்தான் வருகின்றன. இரவுப் பணி முடிந்த காவலாளிகள் அதில்தான் திரும்புகிறார்கள். எங்கள் மனுவிலோ கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் ஞாயிறுதோறும் கியர் வண்டியில் கடற்கரைக்குப் போகிறவர்கள். கையெழுத்துக் கேட்டபோது ஒரு காவலாளி, "இதுல போட்டா வண்டிய புடுங்கிடுவாங்களா?" என்று கேட்டார்.

ஆகவே எண்ணிக் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். வரும் திங்கள் காலை ஐந்து மணி முதல் மாணவர்கள் முறைவைத்துப் பாலத்தருகே நிற்பார்கள். அந்த மாணவியும் நோட்டோடு வருகிறாள், பேருந்தில்.