“ஒன்றுமில்லை”

கடலூரில் வாழும் என் அக்காள், நான் குருவான நாள்முதல் என்னைத் ‘தம்பி’ என்று அழைத்ததில்லை. ‘சாமி’ என்றே அழைப்பார். மாதவிடாய் நின்று 7 ஆண்டுகள் கழிந்தபின், தமது 62ஆம் வயதில் அவருக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. கருப்பையின் உட்படலத்திலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என முடிவு வந்தது. தவளக்குப்பத்திலிருந்து பேருந்தேறிச் சென்று, அத்தாளை வாசித்து, “ஒன்றுமில்லை அக்கா, இனி இதை மறந்துவிடுங்கள்” என்றேன். மறுநாள் நன்றித் திருப்பலியும் நிறைவேற்றினேன்.

ஐந்து மாதங்களில் இரத்தம் மீண்டும் வந்தது. அக்காள் எவரிடமும் சொல்லவில்லை. சாமி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி, பூசையும் வைத்தபின் எப்படிச் சொல்வது என்று எண்ணினாராம். மேலும் மூன்று மாதங்கள் கழித்து, அண்டை வீட்டுப் பெண் கண்டறிந்து அழைத்துச் சென்றார். உள்நோக்கிக் கருவியால் பார்த்து எடுத்த திசுவில் புற்றுநோய் இருந்தது.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மெல்லிய குழாய் உட்படலத்தின் ஒரு சிறு பகுதியையே தொடுகிறது. எடுத்த திசுவில் நோய் இல்லை என்பதே அதன் சாட்சியம். எடுக்காத இடத்தைப்பற்றி அது பேசுவதில்லை. சூலகம் ஓய்ந்தபின்னும் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கச் செய்கிறது. அதற்கு எதிர்நிற்கும் புரோஜெஸ்டிரான் இல்லாமையால் உட்படலம் தடிக்கிறது. ஆகவே உடற்பருமன், நீரிழிவு, பிள்ளைப்பேறின்மை, காலந்தாழ்ந்து நின்ற மாதவிடாய் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். என் அக்காளிடம் இந்நான்கும் இருந்தன. மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் உட்கொள்வோரும், குடும்பத்தில் கருப்பை அல்லது பெருங்குடல் புற்று உள்ளோரும் விழிப்பாயிருக்க வேண்டும்.

புற்று இல்லை என்னும் முடிவுகளும் ஒரே தன்மையன அல்ல. உட்படலம் தடித்திருந்த 170 பெண்களைத் தொடர்ந்து கவனித்த குர்மன் குழுவினரின் 1985ஆம் ஆண்டு ஆய்வில், உயிரணுக்களின் இயல்பு மாறாதவர்களுள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கும், மாறியவர்களுள் 23 விழுக்காட்டினருக்கும் பின்னர் புற்று தோன்றியது. எனினும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு காணும் 100 பெண்களுள் ஏறத்தாழ 9 பேருக்கே இப்புற்று உண்டென 2018இல் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு கூறுகிறது. ஆனால் அது திரும்ப வந்தால், பழைய தாளை நம்பியிராமல் மீண்டும் சோதிக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப்பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவளது விசுவாசத்தைப் புகழ்ந்தேன். ஆனால் குணம்பெற்று ஒதுங்க முயன்றவளை இயேசு அழைத்து, கூட்டத்தின் நடுவே உண்மை முழுவதையும் சொல்லவைத்ததை எண்ணிப் பார்க்கவில்லை. கோரிமேட்டு ஜிப்மரில் வட்டாரப் புற்றுநோய் மையமே இருக்கிறது. நம் பெண்களைத் தடுப்பது தொலைவன்று, நாணம். என் அக்காளைத் தடுத்ததோ, நாணத்தோடு நான் சொன்ன ஒரு சொல்லும்.

நோய் கருப்பையைத் தாண்டாதிருந்ததால், அறுவைச் சிகிச்சைக்குப்பின் அக்காள் நலமாயிருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பற்றி, “தம்பி, உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். சொல்ல இடம் வைக்காதவன் நான் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். இப்போதெல்லாம் நல்ல முடிவோடு வரும் தாய்மாரிடம், “இறைவனுக்கு நன்றி, திரும்ப வந்தால் உடனே சொல்லுங்கள்” என்கிறேன்.