காணவில்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். பொலிசில் முப்பது வருடம் வேலை செய்தவர். அதில் பல வருடங்கள் கொலை விசாரணைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். பிக்கரிங்கில் வீடு வாங்கி வந்த முதல் மாதம் இதைக் கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொன்னால், எங்கள் இருவருக்கும் பயம்தான் வந்தது. ஊரில் பொலிஸ்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் யார்தான் விரும்பிக் குடியிருப்பார்கள்? இரண்டு மாரிகாலம் எங்கள் வாசல் பனியையும் அவர் சேர்த்து அள்ளிவிட்ட பிறகுதான் பேச்சு வளர்ந்தது. இப்போது கோடை மாலைகளில், லிவர்பூல் வீதி முடிகிற ஏரிக்கரையில் மூவருமாக நடப்போம்.

கொலைகாரரை எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டோம். படங்களில் பார்த்த துரத்தலும் துப்பாக்கியும் எங்கள் மனதில் இருந்தன. அவர் சிரித்தார். தான் அதிகம் தூக்கியது பேனைதான் என்றார். ஒரே கதவை மூன்று தரம் தட்ட வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவரை விடியற்காலையில் காத்திருந்து பிடிக்க வேண்டும். கடைக் கமராவில் உள்ள காட்சி அழிந்துபோக முன்னர் கேட்டு வாங்க வேண்டும். எடுத்த பொருள் ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு இடத்தில் பிசகினாலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார்.

“கொன்றது யார் என்பது இரண்டாவது கேள்வி. இறந்தவர் யார் என்பதுதான் முதலாவது” என்றார் அவர். பெயர் தெரிந்தால் வீடு தெரியும், தொலைபேசி தெரியும், கடைசியாக யாருடன் பேசினார் என்பது தெரியும். பெயர் இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது? பிறகு, “ஆளைக் காணவில்லை என்றே ஒருவரும் சொல்லாவிட்டால், கொலை நடந்ததுகூட எங்களுக்குத் தெரியாது” என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு உடனே நினைவில் வந்தது கிருஷ்ணகுமார் கனகரத்தினத்தின் பெயர்.

புதிதாக வந்த குடும்பங்கள் பல இந்தக் கதையை அறிந்திருக்க மாட்டா. 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியக் கரைக்கு வந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் அவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2016 ஜனவரியில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 37. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று பயந்து எங்கோ மறைந்து வாழ்கிறார் என வீட்டார் நினைத்திருந்தார்கள். காணவில்லை என்று எந்தப் பொலிஸ் நிலையத்திலும் பதிவு இல்லை.

கொலைகாரன் புரூஸ் மக்ஆர்தர், தோட்டவேலை செய்து பிழைத்தவன். அவன் பிடிபட்டது 2017இல் கொல்லப்பட்ட அன்ட்ரூ கின்ஸ்மனால். அவருக்கு ரொறன்ரோ நகரில் நிறைய நண்பர்கள். காணாமல்போன உடனேயே அவர்கள் தேடத் தொடங்கினார்கள், பொலிசையும் விடவில்லை. அவருடைய நாட்காட்டியில் காணாமல்போன நாளில் ‘புரூஸ்’ என்று எழுதியிருந்தது. வீட்டருகே இருந்த கமராவில் ஒரு சிவப்பு டொட்ஜ் கரவான் தெரிந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வாகனப் பதிவுகளில் தேடி அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாகனத்தை மீட்டது எங்கள் டூரம் பகுதியில், கோர்ட்டிஸில் உள்ள பழைய வாகனக் களஞ்சியம் ஒன்றில். பெரியவர் சொன்ன அதே கதவு தட்டலும் காகித வேலையும்தான். 2018 ஜனவரி 18 அன்று அவன் கைதானான்.

அதன்பின்தான் லீசைட் பகுதியில் ஒரு வீட்டின் பூச்சாடிகளுக்குள் இருந்து உடல்கள் வெளிவந்தன. 2018 மார்ச்சில், விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த ஹாங்க் இட்சிங்கா இறந்த ஒருவரின் முகப்படத்தைப் பத்திரிகையாளருக்குக் காட்டினார். வேறு வழி இல்லாததால்தான் இதைச் செய்கிறோம் என்றார். அந்த முகத்துக்குப் பெயர் கிடைத்தது ஏப்ரல் 16ஆம் திகதி. இறந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழித்து.

கொல்லப்பட்ட எட்டுப் பேரில் இன்னொருவரும் நம்மவர். ஸ்கந்தராஜ் நவரத்தினம் 2010 செப்டெம்பரில் காணாமல்போனார். அவருக்காக நண்பர்கள் பொலிசுக்குப் போனார்கள். ஆனாலும் ஏழு வருடத்துக்கு மேலாக விடை கிடைக்கவில்லை. ஆகவே தவறு எங்கள் பக்கம் மட்டும்தான் என்று சொல்லவரவில்லை. நீதிபதி குளோரியா எப்ஸ்ரைன் 2021இல் வெளியிட்ட அறிக்கை பொலிசின் பிழைகளை விரிவாகக் காட்டி 151 பரிந்துரைகளைச் செய்தது. இறந்தவர்களில் சிலர் ஆண்களை விரும்புகிறவர்கள் என்பதைச் சொந்த வீட்டுக்கே சொல்ல முடியாமல் வாழ்ந்தவர்கள். வீட்டிலும் சொல்ல முடியாது, பொலிசிலும் சொல்ல முடியாது என்று இருப்பவனைத் தேடி யார் வருவார்கள்? கொலைகாரனுக்கு அது வசதியாகப் போயிற்று. 2019இல் அவனுக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது.

நாங்கள் ஏன் இதை எழுதுகிறோம் என்றால், நாங்களும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். ஸ்காபரோவில் இருந்த காலத்தில் எங்கள் நிலக்கீழ் அறையில் ஒரு பெடியன் வாடகைக்கு இருந்தான். தூரத்து உறவு. எங்களை மாமா, மாமி என்பான். வழக்குத் தோற்றுப்போன மாதத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. தொலைபேசியும் நின்றுவிட்டது. பொலிசுக்குச் சொன்னால் அவனைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள், எங்களுக்கும் வில்லங்கம் என்று பேசாமல் இருந்தோம். ஊரிலிருந்து தாய் எடுத்துக் கேட்டபோது, “அவன் வேலையாக இருக்கிறான் அக்கா” என்று பொய் சொன்னோம். இருபத்தியிரண்டாம் நாள் மொன்றியலில் இருந்து வந்து படலையைத் திறந்தான். அவன் உயிரோடு வந்தது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்தப் பொய்யோடுதான் இருப்போம்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பெரியவர் கேட்டார். ஊரில் பிள்ளையைக் காணவில்லை என்றால் அவனைக் கொண்டுபோனவர்களிடமே போய் முறையிட வேண்டியிருந்ததைச் சொன்னோம். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே தாய்மார் 2017 பெப்ரவரியில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “அந்தத் தாய்மாரைப் போல ஒருவர் அந்தக் கப்பலில் வந்தவருக்கு இங்கே இருந்திருக்க வேண்டும்” என்றார். அவர் அந்த வழக்கில் வேலை செய்தவர் அல்ல. ஆனால் தன் காலத்தில் பெயர் கிடைக்காமலே மூடிய கோப்பு ஒன்று உண்டு என்றும், ஓய்வுபெற்ற பிறகும் அதுதான் நித்திரையைக் கெடுக்கிறது என்றும் சொன்னார்.

அவரிடம் கேட்டறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறோம். இருபத்துநான்கு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்பது பொய். மனதில் ஐயம் வந்த உடனேயே சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டியதும் இல்லை. கூட வேலை செய்பவர், அறைத்தோழர் எவரும் சொல்லலாம். பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் டூரம் பிராந்தியப் பொலிசுக்கும், ரூஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரொறன்ரோ பொலிசுக்கும் போக வேண்டும். ஆபத்து என்றால் 911. ஆங்கிலம் வராவிட்டால் “தமிழ்” என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அண்மையில் எடுத்த படம், தொலைபேசி எண், வேலையிடம், நண்பர்களின் பெயர், உட்கொள்ளும் மருந்து, கடைசியாக உடுத்த உடுப்பு ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோச் சட்டத்தின்படி, குற்றம் நடந்ததற்கு அடையாளம் இல்லாவிட்டாலும் காணாமல்போனவரின் தொலைபேசி, வங்கி விபரங்களைப் பொலிஸ் நீதிமன்ற உத்தரவோடு பெற முடியும்.

குடிவரவுச் சிக்கல் உள்ளவர் என்றால், அந்தத் தகவல் எங்கும் போகாது என்று நாங்கள் உத்தரவாதம் தர முடியாது. அதற்காக அமைதியாக இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி நிலையத்திலோ கேட்டு, அவர்கள் மூலமாகச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவனோடு தொலைபேசியில் பேசலாம்.

உங்கள் நிலக்கீழ் அறையில், உங்கள் தொழிற்சாலை வரிசையில், தனியாக இருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவனுடைய முழுப்பெயரும் ஊரில் உள்ள வீட்டுத் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் இன்றிரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது அப்படி நான்கு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன.