தேய வேண்டிய ஆணி

சைக்கிள் மிதிக்கும்போது காலடியில் ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்டால் பெடலைச் சந்தேகிப்போம். பிறகு செயினைத் திட்டுவோம். பல சமயம் குற்றவாளி காட்டர் பின் என்கிற சுண்டுவிரல் அளவு ஆணிதான்.

பழைய கறுப்புச் சைக்கிளில் கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடித்திருப்பது அது. அச்சின் முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். ஆணியின் சரிவான முகம் அதில் ஆப்பு மாதிரி உட்கார வேண்டும். ஆங்கிலேய முறை ஆணி 9.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் 9 மில்லிமீட்டர் ஆணியும் உண்டு. ஆகவே ஊர் மாறி வந்த உறுப்புகள் லேசில் சம்பந்தம் செய்துகொள்ளமாட்டா.

எங்கள் தெருக்கோடிக் கடைக்கு ஒரு நாள் பால்காரர் ஒருவர் வந்தார். ஆட்டம் கண்ட ஆணியோடு மாதக்கணக்கில் மிதித்ததில் கிராங்கின் துவாரமே அகன்றுவிட்டது. வேறொரு சைக்கிளின் கிராங்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சாயங்காலக் கறவைக்குள் வண்டி வேண்டும். ஆணியோ பாதி வழியில் நின்றுவிட்டது. கடைப் பையன் அரத்தை எடுத்து அச்சையே ராவப் போனான்.

“தொடாதேடா! அச்சை ராவினா ராவினதுதான், திரும்ப வளராது. ஆணி கெட்டா வேறே ஆணி!” என்றார் கடைக்காரப் பெரியவர்.

ஆணியின் முகத்தில் புகைக்கரி தடவிச் செருகி எடுத்தார். கரி அழிந்த இடம்தான் முட்டுகிற இடம். அங்கே நாலு இழுப்பு, மறுபடி கரி. சரிவு மாறக் கூடாது. மாறினால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காமல், மிதிக்கிறவர் நொண்டுவது போல் மிதிக்க வேண்டியதுதான்.

“சுத்தியாலே ரெண்டு போடுங்க ஐயா, இறங்கிடும்” என்று பரபரத்தார் பால்காரர்.

“போடத்தான் போறேன். முதல்லே முகம் சேரட்டும்.”

சேர்ந்த பிறகு, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து அடித்தார். முட்டு இல்லாவிட்டால் அந்த அடி பால்ஸுக்குப் போய்க் கப்பில் பள்ளம் விழும். நட்டு கடைசியில்தான். நட்டை முறுக்கியே ஆணியை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும்.

இப்போது பல சைக்கிள்களில் காட்டர் பின் கிடையாது. அச்சின் முனையே சதுரமாகச் சரிந்திருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது. சௌகரியந்தான். ஆனால் அது தளர்ந்ததைக் கவனியாமல் மிதித்தால் கெடுவது விலையுள்ள கிராங்க்! நடுவில் தேய்வதற்கு மலிவான ஆணி இல்லையே!

கதையில் இரண்டு காட்சிகள் பொருந்தாதபோது பாத்திரத்தின் குணத்தையே கொஞ்சம் ராவிவிடலாமா என்று எனக்கும் கை துறுதுறுக்கும். குணம் அச்சு. நடுவே இருக்கும் வசனத்தில்தான் அரம் படவேண்டும்.