ஒக்ரோபர் எங்களுக்குக் கிடைச்சுது

திருகோணமலையில நாங்கள் படித்த ஆரம்பப் பாடசாலையில் தரம் 5 தனி உலகம். மற்ற வகுப்புகள் மைதானத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழகும், நாங்கள் உள்ளே இருந்து மாதிரி வினாத்தாள் செய்வோம். வீதியில மான் போனாலும் எட்டிப் பார்க்க விடமாட்டினம்.

ஆனா அப்போதெல்லாம் புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட்டோட முடிஞ்சிடும். பிறகு வாற ஒக்ரோபரைச் சொல்லி மாளாது. 1ஆம் திகதி சிறுவர் தினம்: ரீச்சர்மார் எங்களுக்காக ஆடிப் பாடுவினம். (கணித ரீச்சர் ஆடினதை இன்னும் மறக்கேலாது.) 6ஆம் திகதி ஆசிரியர் தினம், முறை மாறும். வாணி விழாவில ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பின்ர பூசை. எங்கட நாளில் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொண்டுவந்த அவலும் கடலையும் கௌப்பியும், கடைசியில யாருக்கும் போதாது.

கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் பாடசாலை நாட்காட்டியைப் புரட்டிப்போட்டதில், 2023இல் பரீட்சை ஒக்ரோபர் 15க்குப் போனது. நவராத்திரி தொடங்கின அதே நாள். அந்த வருசம் தரம் 5இல் இருந்தது எங்கட தம்பி தங்கச்சிமார். சிறுவர் தினக் கிழமையிலும் அவைக்குப் பின்னேர ரியூசன் நிக்கேல்லை.

வசதி குறைந்த பிள்ளைக்கு இந்தப் பரீட்சை உதவிப்பணம் தருது, பெரிய பாடசாலைக்கு வழியும் திறக்குது. அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனா இரண்டு வினாத்தாளுக்காகப் பத்து வயசுப் பிள்ளையின்ர ஒரு வருசக் கொண்டாட்டத்தை ஏன் பறிக்கவேணும்?

எங்களில் யார் வெட்டுப்புள்ளி தாண்டினது என்று இப்ப யாரும் கேட்பதில்லை. வாணி விழா நாடகத்தில் மகிஷாசுரன் யார் என்று மட்டும் வட்ஸ்அப் குழுவில் இன்னும் சண்டை.