எட்டாவது மெழுகுவத்தி

நான் பொடியனாக இருந்தபோது புதூரில் எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் ஏழு கல்லறைகள். ஆனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஆச்சி எட்டு மெழுகுவத்தி வாங்கி வரச் சொல்வாள். கடைக்காரருக்கே இது மனப்பாடம்.

எட்டாவது, சித்தப்பாவுக்கு. 1962 சீனச் சண்டையில் போனவர். தந்தி வந்தது, உடல் வரவில்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊர் ஊராக வந்து இறங்குவதை நாம் பார்த்ததெல்லாம் 1999 கார்கிலின்போதுதானே! கல்லறையே இல்லாத மகனுக்கு எங்கே மெழுகுவத்தி ஏற்றுவது? கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் ஏற்றுவாள். ஐப்பசிக் காற்றுக்கு அரைப் பெட்டி தீக்குச்சி காலி. கரிசல் சகதியில் செருப்பு ஆளுக்கொரு கிலோ கனக்கும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு முனகுவேன்.

"ஏல, சும்மா இரு. அந்தப் பனிமலையில எவளாவது ஒரு சீனக்காரி, போறப்ப வாரப்ப எம்புள்ளைக்கு ஒரு வெளக்கு வச்சிருக்க மாட்டாளா?"

கொன்றவன் ஊர்க்காரி எதற்கு விளக்கு வைப்பாள் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. ஆச்சி போனபிறகு அந்த எட்டாவதை நான் ஏற்றி வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அதே நவம்பர் 2. காலையில் கல்லறை வேலையை முடித்துவிட்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். பேரன் கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றதால் காரைப் பாஞ்சாலங்குறிச்சிக்குத் திருப்பினோம். 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையில் அவன் வாளைச் சுழற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைகளுக்கு நடந்தேன்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேனோடு கோட்டையைத் தாக்க வந்து விழுந்தவர்கள். 1801-ல் ஊமைத்துரையோடு மோதி விழுந்தவர்கள். அந்த 1801 சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். குற்றுயிராகக் கிடந்த மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். அவனோ, "என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று" என்ற மாதிரி சொல்லி ஊமைத்துரையைக் காட்டுகிறான். அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறாள். எதிரி வீட்டுத் தாயின் கதையை மறக்காமல் எழுதினாரே மனுஷர்!

பகைவருக்காக ஜெபம் பண்ணச் சொல்லிச் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது தலையாட்டுவது சுலபம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்ட கூட்டத்துக்கு மெழுகுவத்தியா என்று எனக்கே கை தயங்கியது. ஆனால் இங்கிலாந்தில் எந்த ஆச்சி எட்டாவது மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தாளோ! பையில் மிச்சம் ஒன்று இருந்தது. எடுத்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"சார், இந்தத் தொரைமாரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க ஐயா. சும்மாதான்."

"எங்க சாமியச் சுட வந்த பயலுகல்லா!"

"ஆமா."

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்தது. பெரியவர் என்னையும் கல்லறையையும் மாறி மாறிப் பார்த்தார். கொண்டுபோயிருந்த செவ்வந்தியில் பாதியை அவருடைய ஆடு அதற்குள் தின்று முடித்திருந்தது.

"இப்படியா பொருத்துவாக? காத்து மேக்கருந்துல்லா வருது..." என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மேற்குப் பக்கமாக உட்கார்ந்தார்.

"ம்... இப்பக் கிழிங்க."