மார்ச் மாதத்துப் பனியும் ஒரு 'முடியாது'வும்

வங்கிக்காரன் மார்ச் மாதத்தில் லீவு கேட்கிறான் என்றால் ஒன்று ரிடையர் ஆகப் போகிறான், இல்லை வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இரண்டும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடித்தேன். 2025 மார்ச். ஸ்ரீநகரில் எங்களுக்கு அது மூன்றாவது குளிர்காலம். மே மாதம் மாற்றல் வந்துவிடும் என்று தெரியும். ஆக, குல்மார்க்கில் பனிச்சறுக்கு என்பது அந்த ஒரு நாள்தான், அதற்கப்புறம் கிடையாது. மகள் டிசம்பரிலிருந்தே காத்துக்கொண்டிருந்தாள். பனிதான் வரவில்லை.

"காஷ்மீர்ல பனி இல்லையாமே, டிவியில சொன்னான்?" என்று மாமியார் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டுக் கேட்டார். கோவில்பட்டியில் மார்கழி காலையில் மஃப்ளர் கட்டுவதுதான் பனி. அவருக்கு இதை எப்படி விளக்குவது?

நமக்குக் கத்திரி வெயில் மாதிரி இங்கே குளிருக்குக் கணக்கு உண்டு. டிசம்பர் 21ல் ஆரம்பித்து 40 நாள் 'சில்லாய் கலான்', பெரிய குளிர். அப்புறம் 20 நாள் 'சில்லாய் குர்த்', சின்னக் குளிர். கடைசி 10 நாள் 'சில்லாய் பச்சா', குட்டிக் குளிர். அந்த முதல் 40 நாளில் விழுகிற பனிதான் மலையில் கெட்டியாக நிற்கும். வைப்புநிதி மாதிரி. அதற்குப் பிறகு விழுவதெல்லாம் சேமிப்புக் கணக்கு, வந்த வேகத்தில் போய்விடும். 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் காய்ந்த புல்தரையாகக் கிடந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2025லும் பிப்ரவரி 22ல் ஆரம்பிக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாது என்று தள்ளிவைத்தார்கள். பிப்ரவரி கடைசியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மார்ச் 9 முதல் 12 வரை போட்டிகளை நடத்தி முடித்தார்கள்.

குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரம். நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637. அதாவது தமிழ்நாட்டின் உச்சி எங்கே முடிகிறதோ, அங்கே இவர்களுக்குத் தரைத்தளம்! அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 1998ல் வந்தது, கோங்டூரி வரைக்கும். இரண்டாவது 2005ல், அபர்வட் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் வரைக்கும். வெளிநாட்டுக்காரர்கள் குல்மார்க்கைத் தேடி வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். மேலே இறங்கினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் யாரும் மிதிக்காத பனி.

மிதிக்காத பனி என்றால் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? புட்டு மாவு பிசைகிறவர்களுக்கு எளிதாகப் புரியும். கையில் பிடித்தால் பிடிக்கணும், உதிர்த்தால் உதிரணும், அது புட்டு மாவுப் பதம். பவுடர் பனி அந்தப் பதத்துக்கே வராது. பிடித்தாலும் நிற்காது. அவ்வளவு வறண்டது, அவ்வளவு லேசு. அதன் மேல் சறுக்கும்போது சத்தமே இருக்காது. சாதாரணமாக அழுத்திச் சமன் செய்த பாதையில் சறுக்கினால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கர்ர்ர் என்று கேட்கும். பவுடரில் நம் மூச்சுதான் கேட்கும். என் மகள் பதினாறு வயதில் இதற்கு அடிமை. முந்தைய வருடம் அங்கே இருக்கிற மத்திய அரசுப் பயிற்சி நிலையத்தில் கோர்ஸ் முடித்தவள். நான் இரண்டு குளிர்காலமாகப் பழகி, விழுவதில் மட்டும் தேர்ச்சி பெற்றவன். தங்கமணி புத்திசாலி, கீழே கஹ்வா குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதோடு சரி :-)

எங்கள் கைடு தங்மார்க்காரர், நாற்பது வயது இருக்கும். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வழிகாட்டி, கோடையில் டாக்ஸி. டாக்ஸிக்குக் கடன் வாங்கியிருக்கிறார், மாதத் தவணை. எந்த வங்கி என்று நான் கேட்கவில்லை. (தொழில் தர்மம். தெரிந்தால் தூக்கம் வராது.) டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை கையில் காசே பார்க்கவில்லை என்றார். ஆப்பிள் தோட்டக்காரருக்கு நாங்கள் பயிர்க்கடன் கொடுத்தால் அறுவடைக்குப் பிறகு கட்டச் சொல்கிறோம். பனிக்கும் அறுவடை உண்டு என்பதுதான் எங்கள் படிவம் எதிலும் இல்லை. தவணைத் தேதிக்கு வானிலை தெரியாது.

அன்றைக்குக் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். இரண்டு நாள் முன்புதான் புதுப்பனி விழுந்திருந்தது. கோங்டூரியில் நின்றுகொண்டு, கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சரிவை மகள் காட்டினாள். பெரிய கிண்ணம் மாதிரி வளைந்த இடம், ஒரு கோடு இல்லை. "சாச்சா, அங்கே போலாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. முதுகிலிருந்த மண்வாரியை எடுத்தார். எல்லைக்கு இந்தப் பக்கமே, அதே திசையைப் பார்த்த ஒரு குட்டிச் சரிவில் இடுப்பளவுக்கும் கீழே குழி வெட்டினார். வெட்டிய சுவரைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார். எங்களையும் தொடச் சொன்னார். மேலே புதுப்பனி, மெத்து மெத்தென்று. அதற்குக் கீழே பிப்ரவரிப் பனி, அழுந்திப் பலகையாக. அடியில், தரையை ஒட்டி, விரல் பட்டதும் சீனி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. அது முன்குளிர்காலத்துப் பனியின் மிச்சம். பனி கொஞ்சமாக விழுந்து, வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால் மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அப்படிச் சீனியாகிவிடுமாம். பிறகு ஒரு பலகை அளவு துண்டைத் தனியாக வெட்டி நிறுத்தி, மண்வாரியின் தட்டையான பக்கத்தால் மேலே தட்டினார். நாலாவது தட்டுக்கே மேல்பாகம் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"சீனி மேல் கட்டின வீடு, சாப்," என்றார் உருதுவில். "இன்னைக்கு முடியாது. மரங்களுக்கு நடுவே கீழே போவோம்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பளபளக்கிற பேலன்ஸ் ஷீட், அடியில் வாராக் கடன்! இருபது வருடமாக நான் பார்க்கிற வேலை.

அதற்குள் பக்கத்தில் நின்ற நாலைந்து பையன்கள், பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர்களும் அந்தக் கிண்ணத்துக்குத்தான் போகணும். அன்றைய கூலிக்கு இரண்டு மடங்கு தருகிறோம் என்றார்கள். கைடு சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒருவன் மூன்று மடங்கு என்றான். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் சம்பாத்தியம் இல்லாத மனிதர். மூன்று மடங்கு என்றால் தவணையில் கணிசமான துண்டு. "நஹீ," என்றார், அவ்வளவுதான். விளக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பையன்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் மரங்களுக்குள் இறங்கினோம். இதை எழுதத்தான் எனக்கு வார்த்தை போதவில்லை. தேவதாருக்களுக்கு நடுவே முழங்கால் ஆழப் பனி. எடையை இரண்டு காலிலும் சமமாக வைக்கணும், ஒரு காலில் சாய்ந்தால் அந்தக் கால் முங்கிவிடும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் தொடை எரியும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். விழுந்தால் வலிக்கவே இல்லை. எழுவதுதான் பெரும்பாடு. கையை ஊன்றினால் தோள் வரைக்கும் உள்ளே போகிறது! இரண்டு கம்பையும் பெருக்கல் குறி மாதிரி வைத்து அதன் மேல் ஊன்ற வேண்டும் என்று கைடு காட்டிக்கொடுத்தார். நடுவில் ஒரு ஏழெட்டுத் திருப்பம், எப்படி என்று தெரியாது, எனக்குச் சரியாக அமைந்துவிட்டது. முன்னால் மகள், அவள் கிளப்பிய பனித்தூள் வெயிலில் மின்னி என் முகத்தில் விழுகிறது. நாற்பத்தாறு வயதில் வாய்விட்டுக் கத்தினேன் என்று சொன்னால் ஆபீசில் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்று முறை மேலே போய் வந்தோம். பகல் ஒரு மணிக்குக் கைடு ஒரு பிடி பனியை எடுத்து அமுக்கினார். உருண்டை பிடித்தது. மார்ச் வெயில் வேலையைக் காட்டிவிட்டது. "பஸ்," என்றார்.

கீழே வந்தால் அந்தப் பையன்கள்! முகமெல்லாம் சிரிப்பு. கிண்ணத்தில் இறங்கி, படம் எடுத்து, பத்திரமாக வந்து பக்கோடா தின்றுகொண்டிருந்தார்கள். மகள் முகம் சுருங்கிப்போனது.

"பாத்தியாப்பா? ஒண்ணும் ஆகல. நாமளும் போயிருக்கலாம்."

உண்மைதானே. ஒன்றும் ஆகவில்லை. 2023 பிப்ரவரி 1ஆம் தேதி இதே அபர்வட்டில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22ல் ரஷ்யர் ஒருவர். இதை அவளிடம் சொன்னேன். "அது அன்னைக்கு" என்றாள். பதினாறு வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொன்னேன்: பத்திரம் இல்லாமல் கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டது என்பதால் அதைக் கொடுத்தது சரி என்று ஆடிட்டர் எழுதமாட்டார். அவளுக்கு இது பிடிக்கவில்லை. தங்மார்க் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். தங்கமணி என்னைப் பார்த்து, பேசாமல் வாங்க என்று கண்ணைக் காட்டினாள்.

தங்மார்க்கில் கைடு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு நூன் சாய் கொடுத்தார். உப்புப் போட்ட, ரோஸ் நிற டீ. மூன்று வருடத்தில் எனக்கு அது பழகவே இல்லை, மகள் இரண்டு கப் குடித்தாள். கூலிக்கு மேல் நான் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததை எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்ததைத் திருப்பித் தந்தார். வற்புறுத்தியதும் அவருடைய பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். வாசலில் மகள், "சாச்சா, உங்களுக்குப் போகணும்னு ஆசையா இருந்திச்சா இல்லையா?" என்று தன் ஓட்டை ஹிந்தியில் கேட்டாள். "ரொம்ப," என்றார் அவர்.

ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 26 பேர். அந்த வாரமே ஊர் காலியானது. கோடை டாக்ஸி சீசன் அதோடு போயிற்று. மே மாதம் நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கைடு போன் செய்தார். தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி வங்கிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்டார். என்னென்ன இணைக்க வேண்டும், எந்த மாதத்திலிருந்து கேட்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மகள்தான் டைப் செய்தாள். வருமானம் வரும் மாதங்கள் என்ற இடத்தில் நான் சொல்லாமலேயே 'ஜனவரி முதல் மார்ச் வரை, பனி பெய்தால்' என்று போட்டாள்.